மாட் செய்து காசு வாங்கியிருக்கிறீர்களா, கொடுத்திருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். மாட் (mod) என்றால் கணினி, போன் விளையாட்டுகளில் ரசிகர்களே செய்து சேர்க்கும் புதுப் பொருள்கள், மாற்றங்கள். பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா விளையாட்டுக்கு நம்ம ஊர் பஸ் மாட் செய்பவன் நான். (வீட்டில் "மாட் விக்கிறேன்" என்று சொன்னதும் அம்மா, "எந்த மாட்டைடா?" என்றார்.) விளையாட்டோடு வருவது அந்த ஊர் பஸ்களும் பாட்டுப் போல ஒலிக்கும் 'தெலோலெட்' ஹார்னும்தான். நம்ம தனியார் டவுன் பஸ்ஸை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நான்கு மாதம் உட்கார்ந்தேன். தேய்ந்த படிக்கட்டு, டிரைவர் முன்னால் சாமி படம், அதைச் சுற்றி சீரியல் லைட், கண்ணாடியோரம் எலுமிச்சம்பழம். சும்மா கொடுக்க மனசு வரவில்லை. ஃபைலுக்கு பாஸ்வேர்டு போட்டு 50 ரூபாய் வைத்தேன். 60 பேர் வாங்கினார்கள். மூன்றாம் நாளே பாஸ்வேர்டு இல்லாமல், வேறு யாருடைய பெயரிலோ டெலிகிராமில் சுற்றியது. சரி, அது எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது, வாங்கியவர்கள். அதுவரை "அண்ணா செம" என்று எழுதிய அதே பையன்கள், "காசு கொடுத்திருக்கேன், வைப்பர் ஓடல" என்று ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பினார்கள். 3 ஜிபி ராம் போனில் திணறுகிறது என்றால் நான் என்ன செய்ய? ஒரு நாள் ஒரு பையனின் அப்பாவே கூப்பிட்டார். "தம்பி, என் போன்ல இருந்து உங்களுக்கு 50 ரூபா போயிருக்கு, எதுக்குன்னு தெரியல." பஸ் என்றேன். "எந்த ஊருக்கு?" என்றார். உடனே திருப்பி அனுப்பிவிட்டேன்.

—

தம்பி, ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டில் 2015இல் நடந்த மாட் கலவரத்தை நேரில் பார்த்தவன் நான். அப்போது 200 மாட்களுக்கு மேல் போட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 23 அன்று, வால்வு கம்பெனி நடத்தும் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் மாட்களை விற்கலாம் என்று அறிவித்தார்கள். 100 ரூபாய்க்கு விற்றால் வால்வுக்கு 30, ஸ்கைரிமை வெளியிட்ட பெத்தெஸ்டாவுக்கு 45, செய்தவனுக்கு 25. ராத்திரி கண் முழித்தவனுக்குக் கால் பங்கு!

ஆனால் எனக்குக் கோபம் அதில் இல்லை, பயம்தான் இருந்தது. ஸ்கையூஐ என்று ஒரு மாட். மற்ற ஏகப்பட்ட மாட்களின் செட்டிங்ஸ் மெனு அதன்மேல்தான் ஓடும். அதன் அடுத்த பதிப்பு காசுக்கு என்றார்கள். அஸ்திவாரத்துக்கு வாடகை கேட்டால் மாடியில் இருப்பவன் எங்கே போவான்? மீன் பிடிக்கும் மாட் ஒன்று விற்பனைக்கு வந்தது. அது வேறொருவர் இலவசமாகக் கொடுத்திருந்த அசைவுகளை நம்பி ஓடியது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. 27ஆம் தேதி, நான்கே நாளில் கடையை மூடி வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பினார்கள். நானும் கையெழுத்துப் போட்டவன்தான். அந்த 200 மாட் செய்தவர்களில் ஒருவருக்காவது பத்து ரூபாய் அனுப்பினேனா என்றால், இல்லை.

—

வீடு கட்டி, ஆட்களை உருவாக்கி வாழவைக்கும் சிம்ஸ் 4 விளையாட்டை ஆடுபவள் நான். அங்கே 2022இல் அதை வெளியிடும் ஈஏ கம்பெனி ஒரு விதி சொன்னது: மாடை விற்கக் கூடாது, நன்கொடை வாங்கலாம், ஆதரவு தருபவர்களுக்குக் கொஞ்ச நாள் முன்னதாகக் கொடுக்கலாம், அப்புறம் எல்லோருக்கும் இலவசம். எனக்கு இது பிடித்திருக்கிறது. என் சிம்முக்கு (விளையாட்டில் நான் உருவாக்கிய ஆளுக்கு) உடுத்த ஒரு புடவை மாடுக்காக ஒரு மாதம் காத்திருந்தேன், இலவசமாகவே வந்தது. கல்யாணப் புடவைக்கு ஒரு மாதம் காத்திருப்பது நமக்கென்ன புதுசா?

—

முதலில் எழுதியவன்தான். அண்ணன் சொன்ன மீன் மாட் கதையைப் படித்ததிலிருந்து ஒன்று உறுத்துகிறது. என் பஸ்ஸின் ஹார்ன் சத்தம் நான் பதிவு செய்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் பதிவு செய்து குரூப்பில் போட்டது வேறொரு பையன். கேட்டபோது, "போட்டுக்கோங்கண்ணா, பேரை மட்டும் போடுங்க" என்றான். பேரைப் போட்டேன். 3,000 ரூபாய் வந்ததை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

இன்று காலை 500 அனுப்பினேன். "எதுக்குண்ணா?" என்று பதில் வந்திருக்கிறது.