வறண்ட மேய்ச்சல் நிலத்தில் வனவிலங்குக் காப்பு: பெண்களுக்குக் கிடைப்பது காசா, உரிமையா?

புல்வெளி (கேள்வி):
வடக்குக் கென்யாவின் சம்புரு பகுதியில், கால்நடை மேய்க்கும் சமூகங்களே நடத்தும் வனவிலங்குக் காப்பகங்களால் பெண்களின் நிலை உயர்ந்திருப்பதாகப் படிக்கிறேன். சான்றாக மணிமாலை விற்பனையையும் விடுதி வேலையையுமே காட்டுகிறார்கள். இரண்டுமே சுற்றுலாப் பயணிகள் வந்தால்தான் நிலைக்கும். 2020 இறுதியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்துப்போன நிலத்தில், காட்டு விலங்கைக் காப்பதால் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது கைச்செலவுக்கான காசு மட்டுமா, நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையுமா?

சுனை:
காசை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அது யார் கைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். நமுன்யாக் காப்பகத்தில் 2016இல் தொடங்கிய ரெட்டெட்டி யானைகள் காப்பிடம், தாயை இழந்த கன்றுகளையும், வறண்ட ஆற்றுப்படுகையில் மேய்ப்பர்கள் தோண்டும் ஆழமான கிணறுகளில் தவறி விழுந்த கன்றுகளையும் எடுத்து வளர்க்கிறது. முதலில் பால்மாவு கரைத்துக் கொடுத்தவர்கள், பின்னர் சுற்றுவட்டாரப் பெண்களிடம் ஆட்டுப்பால் வாங்கத் தொடங்கினார்கள். சம்புரு வழக்கத்தில் மந்தை ஆணுடையது, கறந்த பால் பெண்ணின் பொறுப்பு. பால் விற்பனை பெண்ணின் பக்கம் நிற்பதற்கு இதுவே காரணம். மாடு மெலியும் காலத்திலும் புதர் இலையைத் தின்று ஆடு ஓரளவு தாக்குப்பிடிக்கும். (அந்தப் பாலை வீட்டுக் குழந்தைக்கு வைப்பதா, யானைக் கன்றுக்கு விற்பதா என்ற இக்கட்டு கடும் வறட்சியில் எழக்கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது.)

வேலமரம்:
பணத்தைப் பற்றிச் சுனை சொல்வது சரி, உரிமை வேறு. 1968ஆம் ஆண்டின் கென்யச் சட்டப்படி அமைந்த, மேய்ச்சல் நிலத்தைக் கூட்டாக வைத்திருக்கும் குழுப் பண்ணைகளில் உறுப்பினராகப் பதிவானவர்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவர்களான ஆண்கள். 2016ஆம் ஆண்டின் சமூக நிலச் சட்டமோ வயதுவந்த உறுப்பினர் அனைவரையும் கொண்ட பேரவையை முன்வைக்கிறது. நிலத்தில் முதலீடு செய்ய வருபவருடன் ஒப்பந்தம் போட, உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். பெண்களை விட்டுவிட்டு அந்த எண்ணிக்கையை எட்ட இயலாது. ஆனால் கோடைக்கென ஒதுக்கிய புல்லை எப்போது திறந்துவிடுவது என்ற முடிவு, மூத்த ஆண்கள் மரத்தடியில் கூடி எடுப்பதாகவே பல இடங்களில் இருந்து வருகிறது. என் பார்வையில் உண்மையான அதிகாரம் அந்த மரத்தடியில்தான் இருக்கிறது.

தடம்:
அந்த மரத்தடிக்கு வேறொரு வழியும் உண்டு. உலகில் ஏறத்தாழ 3,000 கிரேவி வரிக்குதிரைகளே எஞ்சியுள்ளன, பெரும்பாலானவை வடக்குக் கென்யாவில். மற்ற கிரேவி வரிக்குதிரைகள் நீரின்றி ஐந்து நாள்வரை தாங்கினாலும், குட்டிக்குப் பாலூட்டும் வரிக்குதிரை ஓரிரு நாளுக்கு ஒருமுறை நீர் குடித்தாக வேண்டும்; பகலெல்லாம் கால்நடைகள் நீர்நிலையை அடைத்து நின்றால், அது சிங்கத்துக்கு அஞ்சியபடி இரவில் வர நேர்கிறது. நீருக்கும் விறகுக்கும் அன்றாடம் நடக்கும் பெண்கள் இத்தடங்களை அறிவார்கள். சம்புரு பெண்கள் கண்காணிப்பாளர்களாகச் சேர்ந்து, விலங்குகள் எங்கே, எத்தனை என்று பதிவு செய்கிறார்கள்; எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. எந்த நீர்நிலையை எந்நேரம் விலங்குகளுக்கு விடுவது என்று பேசும்போது, பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவரைக் கேட்காமல் தீர்மானிப்பது கடினம்.

புல்வெளி:
மூவருக்கும் நன்றி. கேள்வியைத் திருத்திக்கொள்கிறேன்: மேய்ச்சல் குழுவில் பெண்கள் அமர்ந்திருக்கும் காப்பகங்கள் எவை, அங்கே கோடைப் புல் எப்போது திறக்கப்படுகிறது என்பதையே இனித் தேடப் போகிறேன்.