மாலை வகுப்புப் பிள்ளைகள் திருத்திய படங்கள் மட்டும் அச்சில் நீலமாக வருகின்றன. கோளாறு எங்கே?

கரும்பலகை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பள்ளியில் ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு டிஜிட்டல் புகைப்படமும் படத் திருத்தமும் சொல்லிக்கொடுக்கிறேன். மதிப்பெண் கிடையாது, விருப்பப்பட்டவர்கள் வரும் வகுப்பு. ஒரு குழு காலையில் பள்ளி தொடங்கும் முன் வரும், இன்னொன்று மாலையில் பள்ளி விட்ட பிறகு. கேமரா இரண்டுதான் இருக்கிறது, மீதிப் பேர் செல்போனில் எடுக்கிறார்கள். திருத்துவது கணினி ஆய்வகத்தில், ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் வைத்து.

பள்ளிக் கண்காட்சிக்காக நல்ல படங்களைத் தேர்ந்தெடுத்து ஏ4 அளவில் அச்சடித்துப் பார்த்தோம். இரண்டு குழுவின் படங்களும் திரையில் பார்த்ததைவிட இருட்டாக வந்திருக்கின்றன. அதோடு மாலைக் குழுவின் படங்களில் மட்டும் ஒரு நீலம் ஏறியிருக்கிறது, வெள்ளைச் சட்டை எல்லாம் சலவை நீலத்தில் முக்கி எடுத்தது போல. ஒரே ஆய்வகம், அதே கணினிகள், ஒரே நாளில் ஒரே இடத்தில் அச்சடித்தது. அச்சடித்தவரைக் கேட்டால் "ஃபைல்ல என்ன இருக்கோ அதுதான் பேப்பர்ல வரும்" என்கிறார்.

சில படங்கள் கட்டம் கட்டமாக உடைந்தும் தெரிகின்றன. போதாக்குறைக்கு, நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷன் ஸ்லைடரைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குக் கை நிற்பதில்லை, வலது ஓரம் வரை இழுத்துவிடுகிறார்கள். எதிலிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

—

இருட்டறை எழுதியது:

அச்சடித்தவர் சொன்னது நியாயம்தான் சார். கெட்டது ஃபைலா, திரையா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கண்ணை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

மாலைக் குழுவின் படம் ஒன்றை ஜிம்ப்பில் திறந்து, கலர் பிக்கர் கருவியில் சாம்பிள் ஆவரேஜ் போட்டு, வெள்ளைச் சட்டையில் நிழல் விழாத இடத்தில் சொடுக்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எண் வரும். வெள்ளையோ சாம்பலோ எதுவானாலும் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காலைக் குழுவின் படத்திலும் இதையே செய்துவிட்டு இரண்டையும் இங்கே போடுங்கள்.

இவற்றையும் சொல்லுங்கள்: மானிட்டரின் ப்ரைட்னஸ் எத்தனை? போனிலிருந்து படம் கணினிக்கு எந்த வழியில் வருகிறது? உடைந்து தெரியும் படத்தின் பிக்சல் அளவு என்ன? விண்டோஸ் என்றால் நைட் லைட் ஓடுகிறதா?

—

கரும்பலகை எழுதியது:

பார்த்துவிட்டேன். காலைப் படத்தில் சட்டை 221, 219, 217. மாலைப் படத்தில் 196, 209, 238. ஆக ஃபைலிலேயே நீலம் இருக்கிறது.

ப்ரைட்னஸ் எல்லா மானிட்டரிலும் 100. படங்கள் வகுப்பின் வாட்ஸப் குழு வழியாக வருகின்றன. உடைந்த படத்தின் அளவு 1600×1200.

நைட் லைட் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. மாலை நான்கு மணிக்குத் தானாகத் தொடங்கும்படி ஆய்வக உதவியாளர் எல்லாக் கணினியிலும் வைத்திருக்கிறார், பிள்ளைகளின் கண்ணுக்கு நல்லது என்று. ஆனால் நைட் லைட் திரையை மஞ்சளாக்கும் அல்லவா? படம் நீலமாவது எப்படி?

—

இருட்டறை எழுதியது:

திரை மஞ்சளானதால்தான் படம் நீலமானது. நைட் லைட் ஃபைலைத் தொடாது, திரைக்குப் போகும் நீலத்தை மட்டும் குறைக்கும். பிள்ளைக்குப் படம் மஞ்சளாகத் தெரிகிறது. "ஒயிட் பேலன்ஸ் தப்பு" என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே நினைத்து, கலர் டெம்பரேச்சரை நீலப் பக்கம் தள்ளுகிறது. சரியான படத்தைச் சரிசெய்யப் போய்க் கெட்டுவிட்டது. பிள்ளைகள் பாடத்தை நன்றாகவே கேட்டிருக்கிறார்கள்.

நம்பிக்கை வராவிட்டால் நைட் லைட் ஓடும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறு கணினியில் திறந்து பாருங்கள். மஞ்சள் இருக்காது. இதை வகுப்பில் பிள்ளைகள் முன்னாலேயே செய்து காட்டலாம். திரை வேறு, ஃபைல் வேறு என்பது ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

—

பிக்சல்பூச்சி எழுதியது:

ஒரு சந்தேகம் அண்ணா. திரை மஞ்சளா இருந்தா கண்ணு கொஞ்ச நேரத்துல பழகிடுமே? நான் ராத்திரி முழுக்க நைட் லைட்லதான் உட்காந்திருப்பேன், மஞ்சளாவே தெரியாது. அப்புறம் அந்தப் பசங்க எதுக்கு நீலத்தைக் கூட்டணும்?

—

இருட்டறை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. ஒப்பிட வேறு எதுவும் இல்லாத இருட்டான அறையில் நீங்கள் சொல்வது சரி, கண் பழகிவிடும். ஆய்வகத்தில் மேலே வெள்ளை டியூப்லைட் எரியும், அதனால் கண் முழுவதும் பழகாது. என் சந்தேகம் இன்னொன்று: பிள்ளைகள் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் தெரிகிற நிறத்துக்குக் கணினித் திரையைக் கொண்டுவரப் பார்க்கிறார்களோ? சார்தான் சொல்ல வேண்டும்.

—

கரும்பலகை எழுதியது:

ஆமாம், அப்படியேதான். போனை மானிட்டரில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் திருத்துகிறார்கள். ஒரு மாணவி "போன்ல இருக்கற மாதிரி வரவே மாட்டேங்குது சார்" என்று பலமுறை சொல்லியிருக்கிறாள்.

—

அச்சுமை எழுதியது:

பல வருடமாகப் படம் அச்சடிக்கிறவன் நான். இருட்டு விஷயத்துக்கு என் பதில்.

100 ப்ரைட்னஸில் எந்தப் படமும் வெளிச்சமாகத்தான் தெரியும். அதைப் பார்த்து "ரொம்ப வெளுப்பு" என்று பிள்ளைகள் குறைத்திருப்பார்கள். காகிதத்துக்குச் சொந்த ஒளி கிடையாது, தன் மேல் விழுவதைத்தான் திருப்பிக் கொடுக்கும். அச்சுக்காகத் திருத்தும் திரை சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேன்டெலா அளவில் இருந்தால் போதும் என்பார்கள். அளக்கும் கருவி பள்ளியில் இருக்காது. அதற்கு ஒரு கைவழி: ஜிம்ப்பில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். அறை விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை ப்ரைட்னஸைக் குறையுங்கள். எவ்வளவு கீழே போக வேண்டியிருக்கிறது என்று பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். குறைத்த கையோடு மானிட்டரின் விவிட், டைனமிக், கேம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எஸ்ஆர்ஜிபி (பொதுவாகப் பயன்படும் நிறவெளி) அல்லது ஸ்டாண்டர்டு போட்டுவிடுங்கள்.

பள்ளி ஆய்வகங்களில் இருக்கும் மலிவான மானிட்டர் பெரும்பாலும் டிஎன் பேனலாக இருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் ஒரு வெளிச்சம், உட்கார்ந்து பார்த்தால் இன்னொன்று. பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம் இருட்டு பண்ணு" என்று சொல்லாதீர்கள். அவள் பார்க்கும் படமும் நீங்கள் பார்க்கும் படமும் ஒன்றல்ல.

அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது திருத்தவே செய்யாத படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அதுவும் இருட்டாக வந்தால் அச்சடிக்கும் இடத்தைக் கேளுங்கள். அது ஒழுங்காக வந்தால் திரைதான் காரணம்.

கட்டம் கட்டமாக உடைவதற்குக் காரணம் வாட்ஸப். சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர், அதாவது 11.7 அங்குலம். 1600 பிக்சலை அதில் பரப்பினால் அங்குலத்துக்கு 137தான் வருகிறது. 300 வேண்டும் என்றால் நீளத்தில் 3508 பிக்சல் இருக்க வேண்டும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் யூஎஸ்பி கேபிளில் ஏற்றுங்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால், கேமரா படத்தோடு எழுதி வைக்கும் எக்ஸிஃப் தகவலும் போய்விடும். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எதுவும் தெரியாத படத்தை வைத்து என்ன பாடம் நடத்துவீர்கள்?

—

நீலவானம் எழுதியது:

நானும் பள்ளி ஆசிரியைதான். சாச்சுரேஷன் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

"குறைவாகப் போடு" என்று சொல்லிப் பயனில்லை. எவ்வளவு குறைவு என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நான் இப்படிச் செய்கிறேன். மூலப் படத்தின் லேயரை நகல் எடுக்கச் சொல்வேன். நகலில் எப்படி வேண்டுமானாலும் திருத்தட்டும், தடையே இல்லை. முடித்ததும் எழுந்து வெளியே போய்த் தூரத்தில் எதையாவது பார்த்துவிட்டு வரவேண்டும். வந்து உட்கார்ந்ததும் அந்த லேயரின் ஒப்பாசிட்டியை, அதாவது அது எவ்வளவு தெரிகிறது என்பதை, 0க்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெல்ல ஏற்றி, "போதும்" என்று தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். பெரும்பாலும் 40, 50க்கு மேல் யாரும் போவதில்லை. அந்த எண்ணைப் படத்தின் பெயரோடு சேர்த்து எழுதி வைக்கச் சொல்வேன். வாரங்கள் போகப் போக எண் ஏறும், ஏனென்றால் மூலத் திருத்தமே அடங்கிவிடுகிறது.

ஜிம்ப் பழைய பதிப்பாக இருந்தால் மாற்றுங்கள். 2025 மார்ச்சில் வந்த 3.0இல் ஃபில்டர்களைப் பிறகு திறந்து மாற்றலாம், ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமித்தால் அவை அப்படியே இருக்கும். பிள்ளை எந்த ஸ்லைடரை எதுவரை இழுத்தது என்று வீட்டுப்பாடம் திருத்துகிற மாதிரி பார்க்கலாம்.

ஆனால் சார், திருத்தத்துக்கு முன்னால் ஒரு பயிற்சி வேண்டும். வெள்ளைத் தாள் ஒன்று, கறுப்புத் துணி ஒன்று. ஒவ்வொன்றும் ஃப்ரேம் நிறைய வரும்படி, ஆட்டோவிலேயே எடுக்கச் சொல்லுங்கள். தாளும் சாம்பலாக வரும், துணியும் சாம்பலாக வரும். கேமராவுக்குத் தாளும் தெரியாது துணியும் தெரியாது, எல்லாம் நடுத்தர வெளிச்சம் என்று நினைத்து அளக்கிறது. இனி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைத் தாளுக்கு மேலேயும் துணிக்குக் கீழேயும் தள்ளி எடுத்து, இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் எப்படி நகர்கிறது என்று பார்க்கட்டும். போனிலும் இதைச் செய்யலாம், திரையைத் தொட்டு இழுத்தால் போதும். புதிய போன்கள் சில தாமாகவே பல படங்களை எடுத்து ஒட்டிச் சமன்செய்து கொடுப்பதால் விளைவு கொஞ்சம் மங்கும். ப்ரோ மோட் இருந்தால் அதில் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) பாடத்தைப் போனில் நடத்த முயலாதீர்கள். பெரும்பாலான போன்களில் அது மாறாது, போர்ட்ரெய்ட் மோட் மங்கல் கணக்குப் போட்டு வரைவது. அந்தப் பாடத்துக்கு அந்த இரண்டு கேமராக்களை ஒதுக்குங்கள். போன்காரர்களுக்கு ஷட்டர் வேகம் கொடுங்கள்: ஓடும் மின்விசிறி, குழாய்த் தண்ணீர்.

—

பிக்சல்பூச்சி எழுதியது:

எங்க ஸ்கூல்ல முதல் பருவம் முழுக்கக் கறுப்பு வெள்ளைதான் எடுக்கணும்னு வச்சிருந்தாங்க. சாச்சுரேஷன் பிரச்சினையே வராது சார்!

—

நீலவானம் எழுதியது:

தம்பி, பிரச்சினை வராது, பிள்ளையும் வராது. நிறத்துக்காக வகுப்புக்கு வந்த பதினான்கு வயதுப் பிள்ளையிடம் நிறத்தைப் பிடுங்கினால் இரண்டாம் வாரம் நாற்காலி காலி. இடையில் ஒரு வாரம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஒளியும் நிழலும் பார்க்க நல்ல பயிற்சிதான்.

—

கரும்பலகை எழுதியது:

நைட் லைட்டை எடுத்துவிட்டேன். தாளைப் பிடித்துப் பார்த்ததில் ப்ரைட்னஸ் 30க்குக் கீழே வந்து நின்றது. பிள்ளைகள் "திரை செத்துப்போச்சு சார்" என்று கத்தினார்கள், கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டார்கள். அதே படங்களை மறுபடி திருத்தி அச்சடித்ததில் நீலம் போய்விட்டது. இருட்டும் பெரும்பாலும் சரி. திருத்தாமல் கொடுத்த படமும் நன்றாக வந்தது.

இன்னும் இரண்டு கேள்வி. ஒரு மாணவன் தெருப் படத்திலிருந்து மின்கம்பத்தை அழித்துவிட்டான், இன்னொருவன் அது ஏமாற்று என்கிறான். வகுப்பே இரண்டாகிவிட்டது. அடுத்தது, ஐபோன் படங்களைத் திறக்கும்போது ஜிம்ப் "கீப்" வேண்டுமா "கன்வர்ட்" வேண்டுமா என்று கேட்கிறது. எதை அழுத்தச் சொல்வது?

—

இருட்டறை எழுதியது:

கம்பம் பற்றி: படம் என்ன சொல்ல வருகிறது என்பதைப் பொறுத்தது. நேஷனல் ஜியோகிராஃபிக் 1982 பிப்ரவரி அட்டையில், கிடைமட்டப் படம் நெட்டுக்குத்தான அட்டையில் அடங்குவதற்காக எகிப்தின் பிரமிடுகளை நெருக்கி வைத்தார்கள். ஃபோட்டோஷாப் பிறப்பதற்கே எட்டு வருடம் முன்னால். இன்றும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள். 2015இல் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் ஐந்தில் ஒரு பங்கு, எல்லை மீறித் திருத்தியதற்காக நீக்கப்பட்டது. செய்தியாகக் காட்டும் படத்தில் கம்பத்தை எடுக்கக் கூடாது. ஓவியம் மாதிரி செய்த படத்தில் கம்பத்தை எடுத்துவிட்டு யானையைக்கூட நிறுத்தலாம். கண்காட்சியில் இரண்டையும் தனித்தனிச் சுவரில் மாட்டுங்கள், எந்தச் சுவருக்குப் போகும் என்று அந்த மாணவனே சொல்லட்டும்.

—

அச்சுமை எழுதியது:

கன்வர்ட். இப்போதைய ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 நிறவெளியில் வரும், அது எஸ்ஆர்ஜிபியைவிட அகலம். தெரிந்தவர்கள் கீப் வைத்துக்கொண்டு கடைசியில் மாற்றுவார்கள். ஆனால் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளில் யாரோ ஒருவர் கடைசியில் மாற்ற மறப்பார், எல்லா ஃபைலையும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டு அச்சடிக்கும் இடத்தில் அந்தப் படம் மட்டும் வெளிறி வரும். அந்தப் பெட்டியிலேயே இனிக் கேட்காதே என்று ஒரு டிக் இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். படங்களை இணையத்திலும் ஏற்றப் போகிறீர்கள் என்றால், எக்ஸ்போர்ட் செய்யும்போது எக்ஸிஃப் சேமிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள் சார். டாக்குமென்டாக வந்த படத்தில் பிள்ளை நின்று எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் அப்படியே இருக்கும்.