போல்டு இட்டாலிக்கால் பட்ட பாடு: உங்கள் அனுபவம் உண்டா?

ஐந்துரோடு ஸ்டிக்கர்காரர்:
என் கடைக்கு வரும் வண்டிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது போல்டு இட்டாலிக்கைத்தான், அதாவது தடித்துச் சாய்ந்த எழுத்தை. "பார்த்தா வண்டி ஓடுற மாதிரி இருக்கணும்ணா" என்பார்கள். நுனியில் வால் இல்லாத தடித்த ஆங்கில எழுத்து வலப்பக்கம் ஒரு 12 டிகிரி சாய்ந்தால் அந்த ஓட்டம் வந்துவிடும்.

போன வருடம் ஒரு டூரிஸ்ட் வேனுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஸ்டிக்கரை வெட்டி ஒட்டினேன். வலப்பக்கம் பிரமாதம். இடப்பக்கம் போய் நின்றோம். வண்டியின் மூக்கு நம் இடது கைப்பக்கம் இருக்கிறது, எழுத்து சாய்வதோ வலப்பக்கம். "என்னங்கண்ணா, ரிவர்ஸ்ல போற மாதிரி இருக்கு?" என்றார் ஓனர். ஆள் ஏறும் கதவு வேறு அந்தப் பக்கம்தான்! எதிர்ப்பக்கம் சாய்த்துப் பார்த்தேன், எழுத்து மல்லாந்து விழுவதுபோல் இருந்தது. கடைசியில் அந்தப் பக்கம் மட்டும் நேர் போல்டு வைத்து, கீழே பின்பக்கம் மெலிந்துகொண்டே போகும் ஒரு கோடு இழுத்துவிட்டேன். வினைல் காசு என் தலையில்.

செவ்வாய்ப்பேட்டை டிடிபி:
அண்ணா, எழுத்தை கோரல் டிசைன் சாஃப்ட்வேரில் இழுத்துச் சாய்த்தீர்களா, இல்லை ஃபாண்டிலேயே இருந்த இட்டாலிக்கா? இழுத்துச் சாய்த்தால் 'O' மேல் வலது மூலையில் தடித்து, மேல் இடதில் இளைத்துவிடும். போல்டில் அது இன்னும் பட்டவர்த்தனம். எழுத்து வடிவமைப்பாளர் அட்ரியன் ஃப்ரூட்டிகரின் யூனிவர்ஸ் (1957) ஃபாண்டுக் குடும்பத்தில் போல்டு சாய்வுக்குத் தனி எண்ணே உண்டு, 66. அதில் வளைவுகளைத் திருத்தி வைத்திருப்பார்கள். கில் சான்ஸ் ஃபாண்டு இன்னொரு ரகம்: அதன் இட்டாலிக்கில் சின்ன 'a' உருவமே மாறிவிடும்.

எனக்கும் ஒரு அடி விழுந்தது. கொலுசுக் கடை ஒன்றின் திறப்புவிழா நோட்டீஸை மொத்தமும் போல்டு இட்டாலிக்கில் அடித்தேன். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் தேதி எங்கே என்று நாலு பேர் போன் செய்து கேட்டார்கள். எல்லாமே கத்தினால் எது காதில் விழும்? இப்போது 'செய்கூலி இல்லை' என்ற ஒரு வரிக்கு மட்டும்தான் அது.

ஏற்காட்டில் ரூம் வாடகைக்கு விடுபவர்:
தமிழுக்கு இதை வைத்துவிடாதீர்கள் சாமி. நம் எழுத்துக்கு இட்டாலிக் வழக்கமே கிடையாது, கம்ப்யூட்டர் சும்மா தள்ளிச் சாய்க்கிறது. கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறி வருகிறவர்களுக்கு எங்கள் போர்டு பளிச்சென்று தெரியட்டும் என்று தடிக்கவைத்து, சாய்வையும் கூட்டச் சொன்னேன். 'ற்' மேல் இருந்த புள்ளி நகர்ந்து 'கா' பக்கம் போய்விட்டது. 'ண'வின் சுழிகள் மையில் அடைத்துக்கொண்டன. டிசம்பர் பனியில் அது எழுத்தாகவே தெரியவில்லை, வெறும் கறுப்புப் பட்டை. வந்த குடும்பம் கேட்டைத் தாண்டிப் போய் அடுத்த வளைவில் திரும்பி வந்தது. பழைய பெயிண்டரைக் கூப்பிட்டு, நேராக, இடைவெளி விட்டு எழுதச் சொன்னேன்.

ஐந்துரோடு ஸ்டிக்கர்காரர்:
தங்கச்சி, இழுத்துத்தான் சாய்த்தேன். இப்போது எழுந்து போய் கடை வாசலில் நிற்கும் வேனில் 'O'வைப் பார்த்தேன். இனி கண்ணுக்கு வேறெதுவும் படாது போல.