போனில் திறந்தால் விலை வரவில்லை, அவசரம்

முதுநகர்க்காரன்: கடலூர் துறைமுக மீன் ஏல விலையைக் காட்ட ஒரு வெப் பக்கம் செய்திருக்கிறேன். லேப்டாப்பில் வஞ்சிரம், சங்கரா, கொடுவா எல்லாம் விலையோடு வருகிறது, போனில் தலைப்பு மட்டும்தான், கீழே காலி. விடியற்காலையில் ஏலத்தில் காட்ட வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம்: சர்வர் எதில்? பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் என்ன பிழை? சர்வரிடம் விலை கேட்கும் ஃபெட்ச் வரியை அப்படியே போடுங்கள்.

பாண்டி கோடர்: கார்ஸ்தான் (வேறு ஆரிஜின், அதாவது வேறு முகவரி, தரும் பதிலை அனுமதியில்லாமல் பக்கம் படிக்க விடாத பிரவுசர் விதி), சந்தேகமே வேண்டாம். போர்ட் (முகவரியில் : குறிக்குப் பின் வரும் எண்) மாறினாலே பிரவுசருக்கு அது வேறு ஆரிஜின். சர்வரில் அனுமதி ஹெடர் சேருங்கள்.

முதுநகர்க்காரன்: ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட், அதன் ஃப்ரேம்வொர்க் எக்ஸ்பிரஸ். சர்வரைச் சோதிக்கும் போஸ்ட்மேன் ஆப்பில் சரியாக வருகிறதே?

பாண்டி கோடர்: வரத்தான் செய்யும். கார்ஸைப் பார்த்துத் தடுப்பது பிரவுசர், போஸ்ட்மேன் அதைப் பார்ப்பதே இல்லை.

பழைய கை: தம்பி, மூன்று கேள்வி கேட்டதற்கு ஒன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது. ஃப்ரேம்வொர்க் பக்கம் போவதற்கு முன் கோரிக்கை எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று படியுங்கள்.

முதுநகர்க்காரன்: ஃபெட்ச்சில் லோக்கல்ஹோஸ்ட்:3000/விலை என்று இருக்கிறது. போனில் கன்சோல் எப்படிப் பார்ப்பது?

மஞ்சக்குப்பம்: அதுதான் விஷயம். அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது போனில், அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் போனேதான், அதன் 3000-இல் எந்த சர்வரும் இல்லை. லேப்டாப்பின் ஐபியை (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்ணை) போடலாம், ஆனால் வைஃபை மாறினால் அதுவும் மாறும், அதனால் பக்கத்தையும் எக்ஸ்பிரஸ் ஸ்டாட்டிக் (கோப்புகளை அப்படியே அனுப்பும் வசதி) வழியாகவே கொடுத்துவிட்டு ஃபெட்ச்சில் வெறும் /விலை என்று எழுதுங்கள். பக்கம் வந்த இடத்துக்கே கோரிக்கையும் போகும், கார்ஸ் பிரச்சினையும் வராது. போனில் லேப்டாப் ஐபி:3000 என்று திறங்கள், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு என்றால் போனில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து யூஎஸ்பியில் மாட்டி, லேப்டாப் குரோமில் குரோம்://இன்ஸ்பெக்ட் திறந்தால் கன்சோல் தெரியும்.

பழைய கை: விலைப் பட்டியலுக்கு ஃபெட்ச்சே எதற்கு? பிஎச்பி மொழியில் சர்வரிலேயே எச்டிஎம்எல் செய்து அனுப்பினால் இந்தக் கேள்வியே எழாது.

பாண்டி கோடர்: ஏலத்தில் விலை கண்ணெதிரே ஏறும். ஒவ்வொரு தடவையும் முழுப் பக்கத்தையும் ரீலோட் செய்யச் சொல்வீர்களா? ஜேசனில் (வெறும் தரவு வடிவத்தில்) நாலு எண் போனால் போதுமே, சிக்னலும் டேட்டாவும் மிச்சம்.

பழைய கை: முதல் பட்டியல் எச்டிஎம்எல்லில் வரட்டும், மாறுவதை மட்டும் ஃபெட்ச் கேட்கட்டும். ஸ்கிரிப்ட் விழுந்தாலும் விலை தெரியும்.

பாண்டி கோடர்: அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு பிஎச்பி எதற்கு, எக்ஸ்பிரஸே செய்யும்.

முதுநகர்க்காரன்: ஸ்டாட்டிக் போட்டேன், விண்டோஸ் ஃபயர்வாலில் நோடுக்கு அனுமதி கொடுத்தேன், போனில் விலை வருகிறது. நன்றி அண்ணா.

மஞ்சக்குப்பம்: நல்லது. பதில் சரியாக வந்ததா என்று ரெஸ்பான்ஸ்.ஓகே பார்க்கும் வரியையும் சேர்த்துவிடுங்கள். சர்வர் 500 என்ற பிழை எண்ணை அனுப்பினாலும் ஃபெட்ச் தானாக, பிழையைக் கையாளும் கேட்ச்சுக்குப் போகாது.