மறு: ‘மீள்வளர்திறன் இழப்பு’ பொருந்துமா?

அண்ணாச்சி, முதிர்ந்த நரம்பணு அறுந்த இழையை மறுபடி வளர்க்காமல் போவதற்கு நீங்கள் வைத்த கலைச்சொல்லில் ‘மீள்வளர்திறன்’ வரைக்கும் சரி, ‘இழப்பு’தான் இடிக்கிறது. முதிர்ந்த நரம்பணுவிடம் அந்தத் திறன் இல்லாமலே போய்விடவில்லை.

நம்ம மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் வெட்டுகிற கத்தி பட்டு விரல் நரம்பு அறுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நரம்பைச் சேர்த்துத் தைத்தபின் மாதக்கணக்கில் மரத்துக் கிடந்த நுனியில் மெல்ல உணர்ச்சி திரும்பும், கைகால் நரம்பின் இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளருவதால். பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் அறுந்தவருக்கு அப்படி நடப்பதில்லை. இருவருமே வளர்ந்த ஆட்கள்தான். ஆகவே வயதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

1981-இல் மாண்ட்ரியலில் டேவிட், அகுவாயோ என்ற ஆய்வாளர்கள் வளர்ந்த எலியின் மூளை அடிப்பகுதியான முகுளத்துக்கும் தண்டுவடத்துக்கும் இடையே கால் நரம்புத் துண்டு ஒன்றைப் பாலமாக ஒட்டினார்கள். வளரவே வளராது என்றிருந்த இழைகள் அதற்குள் சென்டிமீட்டர் கணக்கில் ஓடின, மறுமுனையில் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன. அங்கே இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையிலுள்ள நோகோ போன்ற புரதங்களும் காயத் தழும்பும் வழிமறிக்கின்றன. வெளித்தடை மட்டுமா என்றால் அதுவும் இல்லை, அணுவுக்குள்ளேயும் ஒரு தடை பிடித்து வைத்திருக்கிறது: 2008-இல் சுண்டெலியின் விழித்திரை அணுக்களில் பீட்டென் என்ற மரபணுவை நீக்கியதும், நசுக்கப்பட்ட பார்வை நரம்பில் இழைகள் மறுபடி நீண்டன. வளர்ச்சிக்கு வேண்டிய புரத உற்பத்தியைத் தூண்டும் எம்டார் என்ற சமிக்ஞைப் பாதையை அடக்கி வைப்பது இந்தப் பீட்டென்தான். அதனால் ‘மீள்வளர்திறன் ஒடுக்கம்’ என்கிறேன்.

முன்பு ஒருவர் சொன்ன ‘மறுதளிர்ப்பு’ வேண்டாம். அறுபடாத பக்கத்து இழை கிளைவிடுவது வேறு சங்கதி, அதற்குப் ‘பக்கத்தளிர்ப்பு’ என்று ஒதுக்கி வைக்கலாம். நரம்பணுவுக்கு மலையாளத்தில் சொல்லும் ‘நாடீகோசம்’ எல்லைக்கு அந்தப் பக்கத்தோடு இருக்கட்டும், நமக்கு நாடி என்றால் வைத்தியர் கைபிடித்துப் பார்ப்பது.

>> தம்பி, இழப்பை விட்டுவிட்டேன். ஆனால் மரபியல் பாடத்தில், வெளித்தெரியாமல் மறைந்து நிற்கும் பண்புக்கு ‘ஒடுங்கு பண்பு’ என்று இருக்கிறதே, பிள்ளைகள் குழம்பாதா? ‘அடக்கம்’ என்று வைப்போமா?

அண்ணாச்சி, நம்ம ஊரில் அடக்கம் என்றால் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். ‘அடங்கல்’ என்றால் கிராம நிர்வாக அலுவலர் நிலச் சாகுபடிக் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். ‘ஒடுங்கு’ பண்புக்கு, ‘ஒடுக்கம்’ திறனுக்கு. முன்னால் ‘மீள்வளர்திறன்’ நிற்கும்போது யாரும் மரபியல் பாடத்துப் பட்டாணிச் செடியை நினைக்கப் போவதில்லை. வேறு மறுப்பு இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.