டோனி ஸ்டார்க்கிற்கு மலர்வளையம், நடாஷாவுக்கு ஒரு வாங்கு மட்டுமா?

கல்லடிப்பாலம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாடசாலை விடுமுறைக்கு வந்திருந்த அக்காவின் மகளோடு சென்ற வாரம் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தை மறுபடியும் பார்த்தேன். எனக்கு அது மூன்றாவது தடவை. பதின்மூன்று வயதான அவளுக்கோ முதல் தடவை. நாயகன் டோனி ஸ்டார்க் உலகைக் காக்க விரலைச் சொடுக்கிவிட்டு, அதனாலேயே உயிர்விடச் சாய்ந்து உட்கார்ந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் மிக்சரைக் கொறித்தபடியே, "இவர் அடுத்த படத்தில வந்திருவார்தானே, மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன், நம்பவில்லை. இதே வரிசைப் படங்களில் லோகி செத்துச் செத்துப் பிழைத்ததை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். போதாக்குறைக்கு, டோனியாக நடித்தவரே வேறொரு வேடத்தில் திரும்பி வரப்போவதாக 2024இல் அறிவித்தும்விட்டார்கள். அவளைக் குறை சொல்ல முடியவில்லை.

என் கேள்வி டோனியைப் பற்றியது அன்று. அவருக்கு ஏரிக்கரையில் இறுதி மரியாதை நடக்கிறது. அவருடைய பழைய நெஞ்சுக் கருவி மலர்வளையத்தின் நடுவில் வைக்கப்பட்டு நீரில் மிதந்து போகிறது. இத்தனை ஆண்டுப் படங்களின் மாந்தர் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். அதே படத்தில், அதே நோக்கத்துக்காக, அவருக்கு முன்னரே உயிரைக் கொடுத்த அவருடைய குழுத்தோழி நடாஷாவுக்குக் கிடைப்பது, ஆண்கள் ஐந்து பேர் ஏரிக்கரையில் நின்று சில நிமிடங்கள் பேசுவதும், அவர்களில் ஒருவரான பேனர் ஒரு வாங்கைத் (நீள இருக்கையை) தூக்கித் தண்ணீருக்குள் எறிவதும் மட்டுமே. படத்தின் நீளம் 181 நிமிடங்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சியவர்கள் அழுவதற்கு நேரம் ஒதுக்காத ஒரு படம், இறந்தவரின் செயலைத் தியாகம் என்று நம்மிடம் சொல்லலாமா?

இதை இங்கே கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் எங்கள் மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அந்த வாரத்திலேயே இந்தப் படம் உலகெங்கும் திரைக்கு வந்தது. படம் பார்க்கும் மனநிலையில் இங்கே எவர் இருந்தார்? பல மாதங்கள் கழித்து மடிக்கணினியில்தான் பார்த்தேன். வில்லன் தானோஸால் பாதிப்பேர் தூசாகிப்போன உலகில், ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், நாயகர்களில் ஒருவரான ஸ்டீவ் ரோஜர்ஸ் சிலரை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடும் காட்சி ஒன்று உண்டு. புதிதாகப் பழகிய ஒருவரோடு இராச்சாப்பாட்டுக்குப் போனதையும், சலாது பரிமாறும்போதே அவர் அழுததையும், இனிப்பு வருவதற்குச் சற்று முன்னர் தானும் அழுததையும் ஒருவர் சொல்வார். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். வேறெந்தச் சண்டைக் காட்சியும் என்னை எழுப்பி வெளியே அனுப்பியதில்லை.

பழைய கொமிக்ஸ்காரன்

உங்கள் மருமகளின் அவநம்பிக்கை அவளைவிட வயதில் மூத்தது. 1992இல் சூப்பர்மேனைக் கொன்றார்கள்; இதழ் அள்ளிக்கொண்டு போனது; அடுத்த ஆண்டே அவர் எழுந்து வந்தார். திரையிலும் 2016இல் புதைத்தவரை 2017இல் தோண்டி எடுத்தார்கள்.

நின்று நிலைத்த இறப்பு என்று கேட்டால், 1973இல் ஸ்பைடர்மேன் கதையில் அவன் காதலி க்வென் ஸ்டேசி இறந்ததைத்தான் நான் சொல்வேன். பாலத்திலிருந்து விழுகிறவளைக் காப்பாற்ற அவன் எறிந்த வலையே, அவளை உலுக்கி நிறுத்தியபோது கழுத்தை முறித்துவிட்டது. அவள் எதற்காகவும் தியாகம் செய்யவில்லை. ஆனாலும் தான் சரியாகத்தான் எறிந்தோமா என்ற கேள்வியை அவன் ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டியிருந்தது. இறப்பின் கனம் இறந்தவரிடம் இல்லை, சுமப்பவரிடம்தான் இருக்கிறது என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் இதழ் பதில் சொல்லியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தம்பிலுவில் வாசகி

அண்ணா, முதலில் சொல்லைச் சரிபார்த்துக்கொள்வோம். இந்தப் படங்களைப் பேசுகிறவர்கள் கமோராவின் இறப்பையும் நடாஷாவின் இறப்பையும் 'வோர்மீர் தியாகங்கள்' என்று ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். வோர்மீர் என்பது, அன்புக்குரிய ஒருவரை இழந்தால்தான் ஒரு மந்திரக் கல் கிடைக்கும் கிரகம். வளர்ப்பு மகள் கமோராவைத் தானோஸ் கையைப் பிடித்து இழுத்துச் சென்று மலையுச்சியிலிருந்து எறிகிறான். அது பலி, தன்னைக் கொடுத்தவள் அவள் அல்லள். எறிந்தவனின் கண்ணீரைப் பார்த்து நாமும் இரங்க வேண்டும் என்று படம் எதிர்பார்ப்பதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. நடாஷாவோ, நான்தான் போவேன் என்று நண்பன் கிளின்ட்டோடு மல்லுக்கட்டி, அவன் பிடியை உதறிக்கொண்டு விழுகிறாள். பாரதக் கதையின் அரவானைப் போல, தானே களப்பலிக்கு இசைந்தவள் அவள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் வனவாசமும் தீமிதிப்பும் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

அழுவதற்கு நேரம் ஒதுக்குவது பற்றிக் கேட்டீர்கள். அதை மையமாகவே வைத்து எடுக்கப்பட்டது 2021இல் வந்த 'வாண்டாவிஷன்' தொடர். காதலனை இழந்த வாண்டா, தன் துயரத்தின் வேகத்தில் ஓர் ஊரையே பிடித்து வைத்துக்கொண்டு, பழைய தொலைக்காட்சி நாடகத்தைப் போன்ற ஒரு குடும்ப வாழ்வை அங்கே நடத்துகிறாள். அவள் சிரிக்கச் சொன்னால் ஊரார் சிரிக்கிறார்கள். இரவில் அவளுடைய கெட்ட கனவுகளை அவர்கள் காண்கிறார்கள். இதைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது வெள்ளைக்காரப் பேய்க்கதை எதுவும் அன்று. எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன்தான். கணவனை அநியாயமாக இழந்தவளின் துயரம் மதுரையை எரித்தது. அதை நம்முடைய ஆட்கள் அத்தோடு விட்டுவிடவில்லை. வைகாசியில் கதவு திறந்து, இரவிரவாக அவள் கதையான வழக்குரையைப் பாடி, அவளுக்கு நேர்ந்ததை முதலிலிருந்து கடைசிவரை எல்லோரும் உட்கார்ந்து கேட்டு, கடைசியிலேயே அவள் சினத்தைத் தணிக்கும் குளிர்த்தி செய்கிறோம். சிறு வயதில் அம்மம்மாவின் மடியில் அரைத் தூக்கத்தில் கிடந்தபோது, வேப்பிலையில் தோய்த்த தண்ணீர் முகத்தில் விழுந்து திடுக்கிட்டு எழுந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. "அம்மாள் குளிர்ந்திட்டா, இனிப் போய்ப் படுக்கலாம்" என்றார் அம்மம்மா.

வாண்டாவுக்கு வழக்குரை பாட எவரும் இருக்கவில்லை. ஊரை விடுவித்துவிட்டுத் தனியாகப் பறந்து போகிறாள். அடுத்த படத்தில் இன்னும் பலரைக் கொல்கிறாள். அவளை வில்லியாக்கிவிட்டார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். குளிர்த்தி நடக்காத துயரம் வேறெங்கே போகும்?

மருதமுனையான்

தங்கச்சி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். ஆனாலும் அந்த வாங்கை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஸ்டார்க் உலகறிந்த மனிதர். ஊர் கூடித்தான் அனுப்பும். அவருக்கு ஓர் உடலும் இருந்தது. நடாஷாவின் உடல் எங்கோ ஒரு கிரகத்தின் பாறையடியில் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் எங்கள் கரையோரத்தில் ஜனாஸா கிடைத்த வீடுகளும் இருந்தன, கிடைக்காத வீடுகளும் இருந்தன. கிடைத்த வீட்டில் தொழுகை நடத்தினோம், மண் போட்டோம், ஆட்கள் வந்து போனார்கள். கிடைக்காத வீட்டில் என்ன செய்வது என்று எவருக்கும் தெரியவில்லை. என் வாப்பாவின் தம்பி மகளைக் கடலுக்குக் கொடுத்தவர். வாய் திறந்து அழுததை நாங்கள் பார்த்ததில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உடைந்து கிடந்த வேலியை மீண்டும் நட்டுக்கொண்டிருந்தவர், இருந்தாற்போல் அலவாங்கைத் (கடப்பாரையை) தூக்கிக் கடல் பக்கமாக எறிந்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். பேனர் வாங்கை எறிந்தபோது திரையரங்கில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கல்லை எடுத்து வந்து அவளை மீட்டுவிடலாம் என்று தோர் சொல்வதும், முடியாது, இதைத் திருப்ப இயலாது என்று கிளின்ட் மறுப்பதும் நான் என் காதால் கேட்ட பேச்சுகள்தாம்.

ஆகவே அந்தக் காட்சியில் எனக்குக் குறையில்லை. குறை பிறகு வருகிறது. நடாஷாவை நாயகியாக வைத்து 2021இல் வந்த 'பிளாக் விடோ' படத்தின் எழுத்தோட்டம் முடிந்தபின், தங்கை யெலேனா கல்லறைக்கு வந்து, சிறு வயதில் இருவரும் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்ட சீழ்க்கையை ஊதுகிறாள். அதைக் கேட்டு நாம் மூச்சு விடுவதற்குள் பக்கத்தில் ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து நின்று, கொல்லவேண்டிய அடுத்த ஆளான கிளின்ட்டின் படத்தைக் கையில் கொடுக்கிறாள். மையத்து வீட்டில் கடைச் சாமான் விற்பதைப் போன்ற வேலை அது. அந்த ஆண்டு இறுதியில் வந்த 'ஹோக்கை' தொடர்தான் அந்தக் கடனை அடைத்தது. கொல்ல வந்த யெலேனாவிடம் கிளின்ட் அதே சீழ்க்கையை ஊதுகிறார். உன்னைப் பற்றி நடாஷா என்னிடம் பேசுவாள் என்கிறார். யெலேனாவின் கை தாழ்கிறது. தங்கச்சி சொல்லும் குளிர்த்தி அதுவாக இருக்கலாம். இரண்டரை ஆண்டு பிந்தி நடந்தது, அவ்வளவுதான்.

கல்லடிப்பாலம்

மூவருக்கும் நன்றி. வாங்கைப் பற்றி நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்; நானா சொன்ன அலவாங்குக்குப் பின்னர் அந்தக் காட்சியை இனிப் பழையபடி பார்க்க முடியாது.

நேற்று இரவு மருமகளோடு 'பிளாக் பாந்தர்: வக்காண்டா ஃபாரெவர்' பார்த்தேன். முதற்படத்தில் வக்காண்டாவின் மன்னன் டச்சாலாவாக நடித்த சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்ட் 28 அன்று பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர் என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். டச்சாலாவின் இறப்பு திரையில் காட்டப்படுவதில்லை. தங்கை ஷூரி ஆய்வுகூடத்தில் மருந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தாய் உள்ளே வந்து, அண்ணன் போய்விட்டான் என்கிறாள். அதன்பின் மார்வெல் சின்னம் இசையே இல்லாமல், போஸ்மனின் படங்களோடு மட்டும் ஓடுகிறது. மிக்சர்த் தட்டு மேசைக்குப் போய்விட்டதைக் கவனித்தேன்.

ஓராண்டு கழித்து, மரண வீட்டு வெள்ளை உடையை எரித்துத் துக்கத்தை முடிக்கும்படி தாய் அழைக்கிறாள், ஷூரி மறுக்கிறாள். படத்தின் கடைசியில் ஹெயிட்டியின் கடற்கரையில் தனியாக உட்கார்ந்துதான் அதை நெருப்பில் இடுகிறாள். நாங்களும் அப்படி எரிப்போமா என்று மருமகள் கேட்டாள். எரிப்பதில்லை, முப்பத்தொராம் நாளும் ஆண்டுத் திவசமும் செய்வோம், உடுப்பைத் தோய்த்து வைத்துவிடுவோம் என்றேன். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மப்பாட செத்த வீட்டில நீங்க கட்டின வேட்டி இன்னும் அலுமாரியில மேல் தட்டிலதான் கிடக்குது, மாமா" என்றாள்.