ஃபைட்டர் மீன் அடியில் படுத்தே கிடக்கிறதா? பார்த்ததைப் பகிருங்கள்

சென்னை கொளத்தூரில் கப்பில் வாங்கி வரும் ஃபைட்டர் முதல் இரண்டு மூன்று நாள் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். இடம் மாறிய மிரட்சி, தானாகத் தெளியும். ஒரு வாரம் தாண்டியும் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தால் கவனியுங்கள். அதற்காக உடனே மெத்திலீன் நீலம் என்ற மீன் மருந்தை ஊற்ற வேண்டாம். ஃபில்டரில் வளர்ந்த நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும்.

எந்த நேரத்தில் படுக்கிறது என்று முதலில் பாருங்கள். காலையில் கிடந்து மதியம் சுறுசுறுப்பானால் பெரும்பாலும் ஏசிதான் காரணம். இரவு முழுக்க 22-ல் ஏசி ஓடும் அறையில் 5 லிட்டர் தொட்டி விடிவதற்குள் 24-க்கும் கீழே போய்விடும். ஃபைட்டருக்கு 25 முதல் 28 டிகிரி வேண்டும். தொட்டியை ஹாலுக்கு மாற்றினாலே போதும். இடமில்லையென்றால் 25 வாட் ஹீட்டர், அதுவும் 10 லிட்டருக்குக் குறையாத தொட்டியில். சின்னத் தொட்டியில் தெர்மோஸ்டாட் பழுதானால் மீன் வெந்துவிடும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

*

ஏசி இல்லாத வீட்டிலும் இப்படிக் கிடக்கும். அங்கே பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். மெட்ரோ தண்ணீரில் குளோரின் உண்டு: ஒரு நாள் திறந்த பக்கெட்டில் வையுங்கள், அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டுங்கள். போர் தண்ணீரின் சிக்கல் வேறு. பல இடங்களில் அது கடினத் தண்ணீர், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8-ஐத் தொடும்.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் விஷமாகும் பங்கு பிஎச்சைப் பொறுத்து மாறும். 30 டிகிரி வெயில் காலத் தண்ணீரில், பிஎச் 7 என்றால் அந்தப் பங்கு 1 சதவீதம்கூட இருக்காது. பிஎச் 8-ல் 7 சதவீதத்தைத் தாண்டும். ஒரே அளவு அம்மோனியா, கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷம்! செவுள் சிவந்து, வாய் பிளந்து, மேலே தொங்குவது அதனால்தான். சொட்டு டெஸ்ட் கிட்டில் அம்மோனியா பூஜ்யம் தவிர எது காட்டினாலும் அன்றே 30 சதவீதம் மாற்றுங்கள், மறுநாளும் மாற்றுங்கள். மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே சாகலாம். லாரித் தண்ணீர் ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு மாதிரி, அதனால் ஊற்றுமுன் பிஎச் பாருங்கள்.

தெருவோர பாதாம் மர இலையைக் காயவைத்துப் போடுவது நல்ல வழக்கம். ஆனால் கடினமான போர் தண்ணீரில் பிஎச் அதனால் பெரிதாக இறங்காது, அதை மட்டும் நம்பாதீர்கள்.

*

மேலே வந்து காற்றை விழுங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு ஃபைட்டருக்கு உண்டு. கீழே போகாமல் மேலேயே நின்று தொடர்ந்து விழுங்கினால்தான் கோளாறு. நுரைக்கூடு கட்டுவதும் நோயில்லை. ஆண் மீனின் இயல்பு. கண்ணாடியோரம் மேலும் கீழும் ஓடினால் தன் பிம்பத்தோடு சண்டை போடுகிறதா என்று பாருங்கள். மூன்று பக்கமும் வெளியே வெளிர் நிறக் காகிதம் ஒட்டினால் பிம்பம் மங்கும்.

வயிறு உப்பி, சாய்ந்து மிதந்தால் இரண்டு நாள் தீனி நிறுத்துங்கள், பிறகு டாஃப்னியா என்ற சின்னத் தண்ணீர்ப் பூச்சியைக் கொடுங்கள். பட்டாணி கொடுக்கச் சொல்வார்கள்; பூச்சி தின்னும் மீனுக்கு அது ஒத்துவராது. செதில்கள் பலாக்காய் முள் மாதிரி விரிந்து நின்றால் பிழைப்பது கடினம்.

கல்லிலும் செடியிலும் உடம்பை உரசுகிறதா? தண்ணீர் மாற்றிய சில நிமிடங்களில் தொடங்கினால் குளோரினாக இருக்கும். சில நாளாகவே உரசினால், இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். தோலில் தங்கப்பொடி தூவியது போல மின்னினால் அது வெல்வெட் ஒட்டுண்ணி. வெளிச்சத்தாலும் வளர்வது அது, மருந்து போடும் நாட்களில் தொட்டியைத் துணியால் மூடியே வையுங்கள்.